ஏழாம் வகுப்புப் பையனுக்கு எதற்கு நரிக்கதை?

சித்திரை பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு விஷயம் தவறாமல் வந்து சேரும். ஒன்று வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நோட்டீஸ். இன்னொன்று, 'இந்தக் கோடையில் உங்கள் குழந்தை வாசிக்க வேண்டிய புத்தகங்கள்' என்று யாரோ ஒரு நல்ல மனிதர் போட்டு, வாட்ஸப்பில் ஊர் ஊராகச் சுற்றும் பட்டியல். இந்த வருடமும் வந்துவிட்டது. அனுமந்தன்பட்டியில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்புக்கு மட்டும் மூன்று பேர் அனுப்பிவைத்தார்கள். அதில் ஒன்றில், கடைசியாக, 'வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகளுக்கு' என்று தனிப் பிரிவே இருந்தது. அகர வரிசைப் படப்புத்தகம், காக்காவும் வடையும், நேர்மையான விறகுவெட்டி, நரியும் திராட்சையும்.

திராட்சை. அதுவும் எங்கள் ஊருக்கு.

நாங்களும் யோக்கியர்கள் இல்லை. போன மே மாதம் இதே போன்ற ஒரு பட்டியலை நம்பி, எங்களிடம் வரும் ஒரு பையனுக்கு அந்த நரிக்கதையைக் கொடுத்தோம். ஏழாம் வகுப்பு முடித்தவன். வாசிப்பு இரண்டாம் வகுப்பு அளவில் நிற்கிறது. பெரிய எழுத்து, பக்கத்துக்கு இரண்டு வரி, ஆகவே இவனுக்குச் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டோம். வாங்கினான், அட்டையைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த நாலாம் வகுப்புத் தங்கச்சி, "ஐ, இது நாங்க ஒண்ணாப்புலயே படிச்சது" என்றாள். அவன் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்து போனான். நாலு நாள் ஆளைக் காணோம்.

ஐந்தாம் நாள் தேடிப் போனோம். ஒரு தோட்டத்தில், பந்தலுக்கு அடியில், அவன் மாமாவுக்கு ஒத்தாசையாக நின்றிருந்தான். ஏன்டா வரவில்லை என்றால், "வேலைக்கா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே ஆரம்பித்தான். "அந்தக் கதை பொய்க்கா. நரி எங்க திராட்சைக்கு வருது? வவ்வாலுதான் திங்கும். குருவி கொத்தும். அதுக்குத்தானே வலை கட்டுறாக." பிறகு கவாத்து எப்போது அடிப்பார்கள், அடித்து எத்தனை நாளில் பூ எடுக்கும், எத்தனை மாதத்தில் வெட்டுக்கு வரும், மழை பெய்தால் பழம் எப்படி வெடிக்கும், மருந்து அடித்த அன்றைக்கு ஏன் பந்தலுக்குள் போகக் கூடாது, போகச் சொல்கிறவன் யார் என்றெல்லாம் கால் மணி நேரம் பேசினான். அவன் கையில் நாங்கள் கொடுத்தது, சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்.

இந்தக் கட்டுரை அந்தக் கால் மணி நேரத்திலிருந்து கிளம்பியது.

வகுப்புக்குக் கீழே வாசிக்கும் குழந்தைக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது என்றால், நம் ஆட்கள் உடனே எழுத்தைப் பார்க்கிறார்கள். எழுத்து சின்னதா பெரிதா, வரி எத்தனை, கூட்டெழுத்து எவ்வளவு. வயதைப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு வயது என்பது பன்னிரண்டு வருட வாழ்க்கை. அந்தப் பையன் கூலிச் சண்டை பார்த்திருக்கிறான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப்பு கவிழ்ந்த செய்தியை வீட்டில் கேட்டிருக்கிறான். எந்தத் தெருவுக்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகலாம், எந்தத் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது நல்லது என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, தெரியும். அவன் அறிவு பன்னிரண்டில் இருக்கிறது, எழுத்துக் கூட்டுவது மட்டும் ஏழில் நிற்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி அவனையே ஏழு வயதாக்கிவிடுகிறது நம் பட்டியல்.

இது ஏதோ ஒரு காலனியின் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பிரதம் அமைப்பின் ஏசர் கணக்கெடுப்பு கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை வாசிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசித்தவர்கள் 2018இல் பத்துக்கு நாலு பேர். கொரோனா பூட்டலுக்குப் பிறகு 2022இல் நாலு பேரில் ஒருவர். 2024இல் கொஞ்சம் ஏறி, மூன்றில் ஒருவருக்குச் சற்று மேலே நிற்கிறது. அந்தக் கணக்கை அரசு ஏற்கவில்லை, அது தனிச் சண்டை. எங்கள் சண்டை வேறு. அந்த அறிக்கையில் ஆண், பெண் என்று பிரித்திருக்கிறார்கள். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று பிரித்திருக்கிறார்கள். சாதி இல்லை. பூட்டிய இரண்டு வருடம் யார் வீட்டில் செல்போன் இருந்தது, யார் வீட்டில் பிள்ளை ஆட்டுக்குப் போனது, யார் வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரம் இருந்தது என்று கேட்காமல் 'தமிழ்நாட்டுக் குழந்தைகள்' என்று ஒரே பானையில் போட்டால் யாருக்கு வசதி?

பள்ளியில் அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கிறது. "வீட்டுப் பின்னணி அப்படி." ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) ஆசிரியர் ஒருவர் எங்களிடம் சொன்னது: "அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாதுங்க, பாட்டும் கூத்தும்தான் நல்லா வரும்." பாராட்டாகச் சொன்னார்! நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கூடப் படித்த சாதி இந்துப் பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்களே, அவன் நன்றாகப் படிக்கிற பையன். படித்தால் வெட்டு, படிக்காவிட்டால் 'அதுகளுக்கு வராது'. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் அரசுதான் சொல்ல வேண்டும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு எங்கள் தெருவிலேயே படித்த பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஆயிரம் ரூபாயை நாங்கள் கேலி செய்ய மாட்டோம், அந்தப் பெண்கள் செய்த வேலைக்கு அது கூலியே இல்லை என்று மட்டும் சொல்வோம். 2022இல் எண்ணும் எழுத்தும். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். வாசிப்பு இயக்கம் வந்தது: நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள். உண்மையில் நல்ல வேலை. பல புத்தகங்களில் நம் பிள்ளைகள் பேசுகிற பேச்சு இருக்கிறது, மீன் இருக்கிறது, கருவாடு இருக்கிறது. பிறகு ஆறு முதல் ஒன்பது வரை உள்ளவர்களுக்கு 'திறன்' என்று ஒன்று. பெயர் வைப்பதில் நம் கல்வித்துறையை யாரும் மிஞ்ச முடியாது.

ஆனால் ஏப்ரல் கடைசியில் பள்ளி பூட்டும். புத்தகங்கள் பீரோவுக்குள் போகும். பீரோச் சாவி தலைமையாசிரியர் மேசைக்குள் போகும். ஜூன் மாதம் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமே! ஒரு பள்ளியில் நாங்கள் கேட்டுப் பார்த்தோம், விடுமுறைக்கு மட்டும் நாற்பது புத்தகம் கொடுங்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று. "கிழிச்சிட்டா ஆடிட்டுல யாரு பதில் சொல்றது?" ஒரு பிள்ளை வாசித்துக் கிழித்த புத்தகத்தை விட, ஒருவரும் தொடாத புது அட்டைதான் கணக்குக்கு நல்லது. நூலகத்தைச் சொல்வீர்கள். தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் எல்லோரும் கட்டுகிறோம், காலனி வீடும் கட்டுகிறது. பல ஊர்களில் நூலகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நின்று பாருங்கள். ஊருக்குள் இருக்கும். வைப்புத்தொகை கட்டி அட்டை வாங்க வேண்டும். பதினோரு வயதுப் பெண்பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவைத் தாண்டிப் போய் 'எனக்கு ஈசியான புத்தகம் வேணும்' என்று கேட்பாள் என்று நினைக்கிறீர்களா? விடுமுறை என்றால் அவளுக்கு அதுதான் வேலை. அம்மா விடியலுக்கு முன் ஜீப்பில் குமுளிக்கோ கம்பம் மெட்டுக்கோ ஏறிவிட்டால், சின்னதைப் பார்த்துக்கொள்ள ஆள் அவள்தான். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளும் விடுதி பூட்டி வீடு திரும்புகிற மாதம் அது.

சரி, புத்தகம் கையில் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என்ன புத்தகம்?

விறகுவெட்டியை எடுங்கள். ஏழை. கோடாரி ஆற்றில் விழுகிறது. தங்கக் கோடாரியைக் காட்டினாலும் ஆசைப்படவில்லை. ஆகவே மூன்றும் அவனுக்கு. பேராசைக்காரன் இன்னொரு விறகுவெட்டி, அவனுக்குத் தண்டனை. காட்டை வைத்திருந்தவன் கதைக்குள் வரவே இல்லை. ஏழைக்கு நேர்மையைப் பரீட்சை வைத்துப் பார்க்கும் இந்தக் கதையை, கடையில் கணக்கில் ஏமாற்றப்படுகிறவனின் மகனுக்குக் கொடுத்து, முடிவில் 'நீதி என்ன?' என்று கேட்கிறோம். ஒரு பெண் எங்களிடம் சொன்ன நீதி: "வேற கோடாலி குடுன்னு கேக்கக் கூடாது." முழு மதிப்பெண் கொடுத்தோம்.

எங்கள் பள்ளத்தாக்குக்கென்றே இன்னொரு வகை உண்டு. பென்னிகுவிக் புத்தகம். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் கட்டிய பிறகு அது இன்னும் பெருகியது. 1895இல் முடிந்த அணையால்தான் இந்தப் பள்ளத்தாக்கு சோறு தின்கிறது, அந்த நன்றியை யாரும் மறுக்கவில்லை. எங்கள் வீடுகளிலும் அவர் படம் உண்டு. ஆனால் காட்டுக்குள் எட்டு வருடம் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள், மலேரியாவிலும் காலராவிலும் செத்தவர்கள், அவர்களில் ஒருவருக்காவது அந்தப் புத்தகங்களில் பெயர் இருக்கிறதா? முகம் இருக்கிறதா? படத்தில் குதிரையில் துரை, பின்னால் புள்ளி புள்ளியாகக் கூலிகள். 'இதுல நம்ம ஆளு யாருக்கா?' என்று கேட்ட பையனுக்கு நாங்கள் அந்தப் புள்ளிகளைத்தான் காட்ட முடிந்தது.

இப்போது எங்கள் தோழர்கள் கைதட்டியிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள், அடுத்தது நமக்கு.

ஏப்ரல் 14 கோடையின் தொடக்கத்தில் வருகிறது. சிலைக்கு மாலை, நீலக்கொடி, பிள்ளைகளுக்குப் பரிசு. பரிசாக நாம் கொடுப்பது என்ன? பாபாசாகேப் தொகுப்பில் ஒரு தடித்த தொகுதி. பேராசிரியர்களே அகராதி வைத்துக்கொண்டு படிக்கிற மொழிபெயர்ப்புத் தமிழ். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற பிள்ளை அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறது. வாசிக்க முடியாத புத்தகத்தைக் கும்பிடச் சொல்லித் தருகிறோம் என்று நமக்குத் தோன்றவே இல்லை. ஆறு வருடத்துக்கு முன் நாங்களும் அதைத்தான் செய்தோம். பிள்ளையின் வாசிப்பு எந்த அளவில் இருக்கிறது என்று பார்ப்பதே அவமானம், அது சாதி இந்து ஆசிரியர்கள் போடும் முத்திரை, அதை நாமும் போடக்கூடாது என்று கூட்டத்தில் பேசினோம். முத்திரை வேறு, அளவு பார்ப்பது வேறு. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்க்காமல் மாத்திரை கொடுப்போமா? அளவைப் பார்க்க வேண்டும். பார்த்ததை அட்டையில் எழுதி நெற்றியில் ஒட்டக் கூடாது, அவ்வளவுதான்.

பாபாசாகேபையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயதில், 1901இல், அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் கோரேகாவில் இருந்த அப்பாவைப் பார்க்க ரயில் ஏறுகிறார். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டிப்போக யாரும் வரவில்லை. நல்ல சட்டை போட்ட பிள்ளைகள் என்று கனிவாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர், மகார் என்று தெரிந்ததும் நகர்ந்துவிடுகிறார். வண்டிக்காரன் யாரும் ஏற்றமாட்டேன் என்கிறான். கடைசியில் ஒருவன் இரட்டைக் கூலிக்கு ஒப்புக்கொள்கிறான், ஆனால் பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், அவன் தீட்டுப்படாமல் கூடவே நடந்து வருவான். கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. அவரே பின்னாளில் எழுதிவைத்த சம்பவம் இது. இதைவிட ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைப் பிடித்து உட்காரவைக்கும் கதை எது? இதை நாலு சொல் வாக்கியத்தில் எழுத முடியாதா? 'ரயில் நின்றது. அப்பா வரவில்லை.' எழுதினோம். இருபது பக்கம், பக்கத்துக்கு ஐந்து வரி, கணினியில் இருபது புள்ளி எழுத்து, ஜெராக்ஸ் கடையில் எடுத்து ஸ்டேப்ளர் அடித்தது. நரிக்கதைக்கு ஓடிப்போன பையன் அதை மூன்று நாளில் முடித்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "ரெட்டக் கூலி வாங்கிட்டு வண்டியையும் இவங்களே ஓட்டணுமா?"

எழுதும்போதுதான் தமிழ்ப் புத்தகம் ஏன் நம் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது என்று எங்களுக்கே பிடிபட்டது. 247 எழுத்தும் தெரிந்த பிள்ளைகூட 'பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்' என்ற ஒரே சொல்லில் மூச்சுமுட்டி நிற்கிறது. தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே நீளும். பேசும்போது 'பாத்துட்டு இருந்தான்' என்று சுளுவாகப் போகிறது, அச்சில் மலையாகிவிடுகிறது. அப்புறம் 'சென்றான்', 'உண்டான்', 'மகிழ்ச்சியுற்றான்'. எங்கள் தெருவில் யாரும் சென்றதும் இல்லை, உண்டதும் இல்லை. போனான், தின்னான். பிள்ளை 'சென்றான்' என்பதை எழுத்துக்கூட்டிச் சரியாகவே வாசித்துவிட்டு, வாசித்தது சரிதானா என்று நம் முகத்தைப் பார்க்கிறது. ஏனென்றால் அந்தச் சத்தம் அதன் காதில் இல்லை. மேல்சாதி வீட்டுப் பிள்ளைக்கும் அது பேச்சில் இல்லைதான், ஆனால் அந்த வீட்டில் யாரோ ஒருவர் நாளிதழை உரக்கப் படித்திருப்பார், ராத்திரி கதை வாசித்துக் காட்டியிருப்பார். கொச்சைத் தமிழில் புத்தகம் போட்டால் மொழி கெட்டுவிடும் என்று அலறுகிறவர்களுக்கு ஒன்று: உங்கள் மொழி எங்கள் பிள்ளைகளால் கெடுகிற அளவுக்கு நீங்கள் அவர்களை அதன் பக்கத்தில் விடவே இல்லை.

எளிய தமிழில், பெரியவர்கள் விஷயத்தைப் பேசும் புத்தகம் தமிழில் இருந்ததே இல்லையா? இருந்தது. எங்கள் தலைமுறை மறந்துவிட்டது. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம். 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கியபோது கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்தப் பெண்கள் எழுத்துக் கற்ற பிறகு வாசிக்கக் கொடுத்த சின்னப் புத்தகங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புதிதாக எழுத்துக்கூட்டக் கற்ற நாற்பது வயதுப் பெண்ணுக்கு அ-அம்மா, ஆ-ஆடு கொடுக்க முடியாது என்று அந்த இயக்கத்துக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பெரிய எழுத்தில், சின்ன வாக்கியத்தில், கூலி, குடி, கணவன் அடி, ஊர்ப் பேச்சு, நாட்டுப்புறக் கதை என்று புத்தகம் போட்டார்கள். ச. மாடசாமி, ச. தமிழ்ச்செல்வன் போன்றவர்கள் அந்த வேலையில் இரவு பகலாகக் கிடந்தவர்கள். தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' அந்த நாட்களைப் பற்றியதுதான். அதற்கும் முன்னால் பிரேசிலில் பாவ்லோ பிரெய்ரே 1963இல் அஞ்சிகோஸ் என்ற ஊரில் முந்நூறு உழைப்பாளிகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தபோது, அவர்கள் வேலையிலும் வீட்டிலும் புழங்கும் சொற்களிலிருந்துதான் தொடங்கினார். இன்னும் பின்னால் போனால், 1894இல் ஊரூரில் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி இருக்கிறது, 1907இல் பண்டிதர் அயோத்திதாசர் வெறும் காலணாவுக்கு, அதாவது ஒரு பைசாவுக்கு, பத்திரிகை நடத்தியது இருக்கிறது. எட்டாத விலையிலும் எட்டாத மொழியிலும் அறிவை வைத்துவிட்டு 'அவர்களுக்கு ஏறாது' என்று சொல்வதை நம் முன்னோர் அப்போதே புரிந்துகொண்டார்கள்.

பண்டிதர் பெயரில் இப்போது ஒரு திட்டமே இருக்கிறது, ஐந்து ஆண்டுகளில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஆதிதிராவிடர் குடியிருப்புகளை மேம்படுத்த. சாலை வரட்டும், விளக்கு வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? பத்திரிகை நடத்திய மனிதரின் பெயரில் காலனிக்குக் காலனி ஒரு வாசிப்பு அறையும், அதற்கு வருடத்துக்கு இருநூறு புத்தகமும் கேட்கிறோம். அந்த இருநூறைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் எங்கள் தெருப் பெண்கள் இருவர் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறோம். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களைத்தான் சொல்கிறோம். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, வாசித்துக் காட்டுங்கள், பொய்க்கதையை அவர்கள் இரண்டாம் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

சரி, இந்தக் கோடைக்கு என்ன செய்வது என்று கேட்கும் அம்மாக்களுக்கும் அண்ணன்மாருக்கும் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். பிள்ளையையே எடுக்க விடுங்கள். எடுத்த புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு தடுக்கலுக்கும் ஒரு விரல் மடக்குங்கள், ஒரு கை முழுவதும் மடங்கிவிட்டால் அது அவன் தனியாக வாசிக்கும் புத்தகம் இல்லை. அதற்காகப் பிடுங்காதீர்கள்! அதை நாம் வாசித்துக் காட்டும் புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். பதிமூன்று வயதுப் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டுவது கேவலம் இல்லை, காதில் ஏறாத தமிழ் கண்ணில் ஏறாது. 'பீமாயண'த்தை நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்த அம்பேத்கர் கதை, காலச்சுவடு வெளியீடாகத் தமிழிலும் உண்டு. அதில் பேச்சு வரும் குமிழிகளைப் பாருங்கள். அடிபட்டவர்கள் பேச்சு பறவை வடிவத்தில் இருக்கும், சாதிக் கொழுப்பில் பேசுகிறவன் பேச்சுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். எழுத்துத் தடுக்கும் பிள்ளை அந்தக் கொடுக்கைப் பார்த்தே யார் பேசுகிறான் என்று சொல்லிவிடுகிறது. வாசிப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

மகாசுவேதா தேவி எழுதிய மொய்னாவின் கதையும் வேண்டும். துலிகா போட்டது. ஆடு மேய்க்கும் சபர் பழங்குடிச் சிறுமி, எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பவள். முதலாளி வீட்டு மிச்சச் சோற்றை ஏன் தின்ன வேண்டும் என்கிறாள், ஆடு மேய்த்துவிட்டு வந்து படிக்கிற மாதிரிப் பள்ளி நேரத்தை ஏன் மாற்றக் கூடாது என்கிறாள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' பழைய இதழ்கள் கிடைத்தால் விடாதீர்கள், ஆண் பையன்களுக்குக் கதையைவிட 'இது எப்படி ஓடுகிறது' என்பது பிடிக்கும் (பெண்பிள்ளைகளுக்கும்தான், நாம்தான் கொடுப்பதில்லை). ஹைதராபாத் அன்வேஷி அமைப்பு 2008 வாக்கில் தலித், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கையை வைத்தே ஒரு வரிசை கொண்டுவந்தது. தலைக்கறி சமைக்கும் நாளைப் பற்றிக்கூட ஒரு புத்தகம். தெலுங்கில் வந்தது, மலையாளத்தில் வந்தது, ஆங்கிலத்தில் வந்தது. திராவிட மாடல் என்று மார்தட்டும் மொழியின் பெயர் அந்த வரிசையில் இல்லை.

ஆங்கிலப் புத்தகம் கொடுங்கள் என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். ஆங்கிலம் யாருக்கு வேலை கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியும். அதை மறுக்கிற தமிழ்ப் பற்றாளர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்றும் தெரியும். ஆனால் ஒரு மொழியில் வாசிக்கப் பிடிபட்டுவிட்டால் இரண்டாவது சீக்கிரம் வரும் என்று அவர்களிடம் சொல்லி, இரண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட புத்தகங்களைக் கொடுக்கிறோம். சமரசம்தான்.

எங்களிடம் இப்போது அதிகம் கிழிந்திருக்கும் புத்தகம் கடையில் வாங்கியது இல்லை. அந்தப் பந்தல் பையன் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டது. அவன் வாயிலிருந்து வந்த சொல்லை மாற்றவில்லை. 'கவாத்து' என்று தலைப்பு அவனே வைத்தான். பதினாறு பக்கம். நரி இல்லை, வவ்வால் உண்டு. தான் சொன்னதே என்பதால் தடுக்கினாலும் அடுத்த சொல் என்னவென்று அவனுக்குத் தெரியும், தெரிந்ததால் வாசித்தான், வாசித்ததால் தடுக்கல் குறைந்தது. இதைப் பார்த்துவிட்டு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அம்மா காலையில் எழுந்து அடுப்புப் பற்றவைப்பதிலிருந்து ஜீப்பில் இடம் பிடிப்பது வரைக்கும் சொன்னாள். 'பதினாலு பேர்' என்று பெயர். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்பதுதான். அவள் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, "எங்க, படி பாப்பா, என்னத்த எழுதிவெச்சிருக்க" என்றார். அவள் வாசித்தாள். நடுவில் அந்த அம்மா நிறுத்தினார். "பதினாலு இல்ல, அன்னிக்குப் பதினாறு பேரு. திருத்து."

திருத்தினோம். அந்தப் பெண் இந்த ஜூனில் ஒன்பதுக்குப் போகிறாள். பத்தாம் வகுப்பில் தவறினால் அடுத்த மாதமே அதே ஜீப்பில் அவளுக்கு ஓர் இடம் காத்திருக்கிறது, அதற்கு முன்னால் எங்களுக்குக் கிடைப்பது இரண்டு கோடை.

பள்ளி திறக்க ஐந்து வாரம் இருக்கிறது. இதை வாசிக்கிறவர்களில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய அறிவொளி வாசிப்புப் புத்தகங்கள் இருந்தால், அம்மா படித்தது, பாட்டி படித்தது, கரையான் அரித்தது, எதுவாக இருந்தாலும், பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தட்டச்சு செய்து, பெரிய எழுத்தில் போட்டு, ஞாயிறு மாலை நாலு மணிக்கு அனுமந்தன்பட்டிக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்போம். நரிக்கதை மட்டும் அனுப்ப வேண்டாம். எங்களிடம் ஏழு பிரதி இருக்கிறது.